ராட்ஹவுஸ் என்பது டவுன் ஹாலா?
வாசகர் கேள்வி – பதில்: ஜெர்மன் பழநகரக் கட்டடங்களின் பெயர்களைத் தமிழில் எழுதுவது பற்றி

(சென்ற இதழில் லூபெக், நியூரம்பெர்க் ஆகிய நகரங்களைப் பற்றிய பயணக் கட்டுரை வெளிவந்ததைத் தொடர்ந்து, ஜெர்மன் இடைக்காலக் கட்டடங்களின் பெயர்களைத் தமிழில் எழுதுவது குறித்துப் பல கேள்விகள் வந்துள்ளன. அவற்றுள் சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில் தரப்படுகிறது.)

கேள்வி: ப்ரேமன் நகரைப் பற்றிய சிறு நூல் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். 'ராட்ஹவுஸ்' என்பதை ஆங்கிலப் பதிப்பைப் பின்பற்றி 'டவுன் ஹால்' என்று எழுதினேன். படித்துப் பார்த்த நண்பர் 'மாநகராட்சி அலுவலகம்' என்று மாற்றச் சொல்கிறார். எது சரி?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டுமே தமிழ் வாசகரை வேறு இடத்துக்குக் கூட்டிச் சென்றுவிடும். 'டவுன் ஹால்' என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது வெள்ளைக்காரர் காலத்தில் கட்டப்பட்ட பொது மண்டபம். தங்கள் ஊரில் அது பேருந்து நிறுத்தத்தின் பெயரும்கூட. 'மாநகராட்சி அலுவலகம்' என்றாலோ, சொத்து வரி கட்டும் கவுன்ட்டரும் பிறப்புச் சான்றிதழுக்கான வரிசையும்தான் கண்முன் வரும்.

'ராட்' என்ற ஜெர்மன் சொல் ஆலோசனையையும் குறிக்கும், கூடி ஆலோசித்து முடிவெடுக்கும் அவையையும் குறிக்கும். இடைக்கால நகரங்களில் அந்த அவையில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் செல்வம் படைத்த வணிகக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஊரார் எல்லோரும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் அல்லர். விதிகள் இயற்றுவது, வரி விதிப்பது, வழக்கு விசாரிப்பது, அயல் நகரங்களோடு ஒப்பந்தம் செய்வது என ஒரு சிற்றரசின் வேலைகள் அனைத்தையும் அவர்கள் அந்த ஒரே கட்டடத்திலிருந்து பார்த்தார்கள்.

தாங்கள் மொழிபெயர்க்கும் ப்ரேமன் கட்டடமே இதற்கு நல்ல சான்று. 1405 முதல் 1410 வரை கட்டப்பட்ட அந்த மாளிகையில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பெரிய கூடங்கள் உள்ளன. கீழ்க் கூடத்தில் வாணிகம் நடந்தது. மேல் கூடத்தில் அவையும் நீதிமன்றமும் கூடின. மேல் கூடத்தின் கூரையிலிருந்து இன்றும் கப்பல்களின் மாதிரிகள் தொங்குகின்றன, ஏனெனில் அங்கே அமர்ந்து ஊரை ஆண்டவர்களின் செல்வம் கடல் வழியாக வந்தது. நிலவறையிலோ நகரவைக்குச் சொந்தமான ஒயின் கிடங்கு இருக்கிறது. 1653ஆம் ஆண்டின் ரூடெஸ்ஹைம் ஒயின் அங்கே இன்னமும் பீப்பாயில் பாதுகாக்கப்படுகிறது. மாளிகைக்கு எதிரே, 1404இல் நிறுவப்பட்ட ரோலாண்ட் என்ற வீரனின் கற்சிலை, வாளேந்தி, நகரத்தின் உரிமைகளுக்கு அடையாளமாக நிற்கிறது. 2004இல் யுனெஸ்கோ இவ்விரண்டையும் சேர்த்தே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ரேகன்ஸ்புர்க் நகரின் பழைய ராட்ஹவுஸில் 1663 முதல் 1806 வரை, ஜெர்மன் நாடுகளை உள்ளடக்கிய புனித ரோமப் பேரரசின் நிரந்தர அவையே கூடியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 'மாநகராட்சி அலுவலகம்' எவ்வளவு சிறிய சொல் என்பது விளங்கும்.

ஆகவே 'நகரவை மாளிகை' என்று எழுதலாம் என்பது என் கருத்து. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'நகரம்' என்ற சொல்லே வணிகர் அவையைக் குறித்து வருவதால், 'நகரத்தார் மாளிகை' என்பது பொருளளவில் இன்னும் நெருக்கமாக இருந்திருக்கும். ஆனால் இன்று அதைப் படிப்பவர் காரைக்குடிக்குப் போய்விடுவார். அந்தச் சொல்லை விட்டுவிடுவதே நல்லது.

கேள்வி: ஒரு பயண நூலில் நியூரம்பெர்க்கின் 'கோர்ன்ஹவுஸ்' என்பது 'மக்காச்சோளக் கிடங்கு' என்று குறிப்பிடப்பட்டிருந்தது. ஜெர்மானியர்கள் அக்காலத்தில் மக்காச்சோளத்தையா சேமித்து வைத்தார்கள்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இல்லை. அந்த மொழிபெயர்ப்பாளர் ஜெர்மன் சொல்லை ஆங்கிலத்தின் வழியாகப் பார்த்திருக்கிறார். 'கோர்ன்' என்பது ஜெர்மன் மொழியில் தானியத்தைக் குறிக்கும் சொல். குறிப்பாக, ஒரு வட்டாரத்தில் ரொட்டிக்கு எந்தத் தானியம் முதன்மையோ அதைக் குறிக்கும். ஜெர்மனியின் பெரும்பகுதியில் அது கோதுமையைப் போன்ற 'ரை' என்ற தானியம். மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொலம்பஸின் பயணத்துக்குப் பிறகே ஐரோப்பாவுக்கு வந்தது. நியூரம்பெர்க்கில் மூத்த ஹான்ஸ் பேஹைம் என்ற கட்டட வல்லுநர் அந்தப் பெரிய களஞ்சியத்தைக் கட்டியது 1498 முதல் 1502 வரையிலான ஆண்டுகளில். கொலம்பஸ் தம் கடைசிப் பயணத்துக்குப் புறப்பட்டதே 1502இல்தான்.

முற்றுகைக்கும் பஞ்சத்துக்கும் அஞ்சிய நகரவைகள், அறுவடை நன்றாக இருந்த ஆண்டுகளில் தானியம் வாங்கிச் சேர்த்து, விலை ஏறும்போது மக்களுக்கு விற்றன. அதற்காகவே இத்தகைய கட்டடங்களின் கூரை வானளாவ உயர்ந்து, அதற்குள் பல தளங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். கூரைச் சரிவில் வரிசை வரிசையாகச் சிறு சாளரங்கள் திறந்திருப்பது தானியத்தில் காற்றுப் பட்டு ஈரம் ஏறாமல் இருப்பதற்காக. 'தானியக் களஞ்சியம்' என்பதே போதும். தஞ்சை வாசகரான தாங்கள் 'நெற்களஞ்சியம்' என்று எழுத ஆசைப்படக்கூடும். அங்கே நெல் இல்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேலே சொன்ன அதே கட்டடம் 1572 முதல் சுங்க அலுவலகமாயிற்று; அதனால் இன்று அதன் பெயர் 'மௌட்ஹாலே', அதாவது சுங்கக் கூடம். அதே நகரின் கோட்டையை ஒட்டி 'கைசர்ஷ்டாலுங்' என்ற கட்டடம் இருக்கிறது. பெயரை அப்படியே பெயர்த்தால் 'பேரரசர் குதிரை லாயம்'. ஆனால் 1494–95இல் அதே பேஹைம் அதைக் கட்டியது தானியக் களஞ்சியமாகத்தான்; பேரரசர் வந்து தங்கும் நாட்களில் கீழ்த்தளத்தில் குதிரைகள் கட்டப்பட்டன. இப்போது அது இளைஞர் விடுதி. பெயரை மட்டும் பெயர்த்து எழுதினால் வாசகர் நினைப்பது ஒன்றாகவும், கட்டடம் வேறொன்றாகவும் இருக்கும். பெயரை ஒலிபெயர்த்துவிட்டு, எந்த நூற்றாண்டில் அங்கே என்ன நடந்தது என்பதை ஒரு வரியில் சேர்ப்பதுதான் வழி.

கேள்வி: 'ஹைலிக் கைஸ்ட் ஷ்பிட்டால்' என்பதைத் 'தூய ஆவி மருத்துவமனை' என்று எழுதியிருக்கிறேன். ஆனால் மூல நூலில், அங்கே தங்கியிருந்தவர்கள் பணம் கொடுத்து வாழ்நாள் இடம் வாங்கினார்கள் என்று வருகிறது. நோயாளி ஏன் வாழ்நாள் இடம் வாங்க வேண்டும்?
– வாசகி, சென்னை

பதில்: தங்கள் ஐயம் சரியான இடத்தில் எழுந்திருக்கிறது. இடைக்கால ஷ்பிட்டாலில் மருத்துவம் நடந்தது. ஆனால் அது அங்கே நடந்த பல வேலைகளில் ஒன்று மட்டுமே. ஆதரவற்ற முதியோர், ஏழைகள், ஊனமுற்றோர், அநாதைகள், யாத்திரிகர் என்று பலரும் அங்கே உணவும் இடமும் பெற்றனர். இவர்களுக்கு அப்பால், வசதியுள்ள முதியவர்கள் தங்கள் வீட்டையோ நிலத்தையோ ஒரு தொகையையோ ஷ்பிட்டாலுக்கு எழுதிக் கொடுத்து, சாகும் வரை சாப்பாடும் படுக்கையும் பராமரிப்பும் பெறும் ஏற்பாடு இருந்தது. இப்படி இடம் பெற்றவர்களைப் 'ப்ஃப்ருண்ட்னர்' என்பார்கள். எனவே தங்கள் நூலில் வருபவர்கள் நோயாளிகள் அல்லர்.

லூபெக்கின் தூய ஆவி ஷ்பிட்டால் 1286 வாக்கில் கட்டப்பட்டது. அதன் நீண்ட கூடத்தில், 1820 வாக்கில், ஆளுக்கு ஒன்றாகச் சிறு மர அறைகள் வரிசையாக அமைக்கப்பட்டன; மேலே கூரை இல்லாத, ஒரு கட்டிலும் சில சாமான்களும் மட்டுமே கொள்ளும் அறைகள் அவை. 1970 வரை முதியவர்கள் அவற்றில் வாழ்ந்தார்கள். நியூரம்பெர்க்கில் கோன்ராட் க்ரோஸ் என்ற செல்வர் 1330களில் நிறுவிய ஷ்பிட்டால், பிற்கால விரிவாக்கத்தில் பெக்னிட்ஸ் ஆற்றின் மேல் வளைவுகள் எழுப்பிக் கட்டப்பட்டது. அதன் தேவாலயத்தில்தான் 1424 முதல் 1796 வரை பேரரசின் மணிமுடி முதலான அரச சின்னங்கள் வைக்கப்பட்டிருந்தன. வ்யூர்ட்ஸ்புர்க் நகரில் 1316இல் தொடங்கப்பட்ட 'ப்யூர்கர்ஷ்பிட்டால்' தனக்கு எழுதி வைக்கப்பட்ட திராட்சைத் தோட்டங்களிலிருந்து இன்றும் ஒயின் தயாரித்து விற்கிறது, முதியோரையும் பராமரிக்கிறது. 'மருத்துவமனை ஒயின்' என்று எழுதினால் வாசகர் அதை மருந்து என்று எண்ணிக்கொள்வார்.

'அறச்சாலை' என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். 'ஆதுலசாலை' என்ற அழகான பழஞ்சொல்லும் நம்மிடம் உண்டு; வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, பதினைந்து படுக்கைகள் கொண்ட வீரசோழன் ஆதுலசாலையைப் பற்றியும் அதன் பணியாளர்கள், மருந்துகள் பற்றியும் விரிவாகப் பேசுகிறது. ஆனால் அக்கல்வெட்டின் ஆதுலசாலை மருத்துவத்தையே மையமாகக் கொண்டது. ஷ்பிட்டாலுக்கு அதைப் பயன்படுத்தினால், 'மருத்துவமனை' என்று எழுதியபோது நேர்ந்த அதே குறுக்கம்தான் நேரும். 'தூய ஆவி அறச்சாலை' என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் 'நோயுற்றோரும் முதியோரும் ஏழைகளும் தங்கிய இல்லம்' என்று விளக்கிவிடுங்கள்.

கேள்வி: ஹில்டஸ்ஹைம் நகரில் 'க்னோஹன்ஹவர் ஆம்ட்ஸ் ஹவுஸ்' என்று ஒரு கட்டடம். அகராதியைப் பார்த்தால் 'எலும்பு வெட்டுவோர் அலுவலகம்' என்று வருகிறது. இது என்ன அலுவலகம்?
– வாசகர், சேலம்

பதில்: வட ஜெர்மனியில் இறைச்சி வெட்டுவோருக்குப் பழைய பெயர் 'க்னோஹன்ஹவர்', தெற்கே அவரையே 'மெட்ஸ்கர்' என்பார்கள். 'ஆம்ட்' என்பதற்கு இன்றைய பொருள் அரசு அலுவலகம். ஆனால் இடைக்கால வட ஜெர்மன் நகரங்களில் அச்சொல் ஒரு தொழிலைச் செய்யும் கைவினைஞர்களின் அமைப்பைக் குறித்தது. தெற்கில் அதற்குப் பெயர் 'ட்ஸுன்ஃப்ட்', கொலோன் நகரில் 'கஃபல்'. அதே 'ஆம்ட்ஸ்ஹவுஸ்' தென் ஜெர்மனியில் வந்தால், உண்மையிலேயே அரசு அதிகாரி அமர்ந்த கட்டடமாக இருக்கக்கூடும். ஆகவே முதலில் ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

'தொழிற்சங்கம்' என்று எழுதுவதையும் தவிர்க்க வேண்டும். தொழிற்சங்கம் ஊழியர்களுடையது. இதுவோ சொந்தமாகப் பட்டறையும் கடையும் வைத்திருந்த தலைமைக் கைவினைஞர்கள் கூடி, யார் தொழில் செய்யலாம், யாரைப் பயிற்சிக்குச் சேர்க்கலாம், சரக்கின் தரம் எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுத்த அமைப்பு. 'இறைச்சித் தொழிலோர் குழு மாளிகை' எனலாம். 1529இல் எழுந்த அந்த மரச்சட்டக மாளிகை 1945 மார்ச் மாதக் குண்டுவீச்சில் எரிந்துபோயிற்று. அந்த இடத்தில் ஒரு ஹோட்டல் கட்டப்பட்டது. பின்னர் அதை இடித்துவிட்டு, 1987 முதல் 1989 வரை பழைய மாளிகையையே மறுபடி எழுப்பினார்கள். எனவே 'கட்டப்பட்டது' என்பதோடு 'மீண்டும் கட்டப்பட்டது' என்பதையும் தாங்கள் எழுதியாக வேண்டும்.

கேள்வி: 'ஃபாஹ்வெர்க்' வீட்டுக்குத் தமிழில் என்ன சொல்வது? 'பாதி மர வீடு' என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை.
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பிடிக்காமல் போனதில் வியப்பில்லை; அது ஆங்கிலப் பெயரின் நேர் பெயர்ப்பு. 'மரச்சட்டக வீடு' என்பது கட்டும் முறையைச் சொல்கிறது. தூண்களும் உத்தரங்களும் சாய்கால்களும் கூடி வீட்டின் பாரத்தைத் தாங்குகின்றன. நடுவில் விடப்பட்ட கட்டங்களில் குச்சிகளைப் பின்னி, வைக்கோல் கலந்த களிமண்ணை அப்பி, மேலே சுண்ணாம்பு பூசினார்கள். இந்த நிரப்புக்குத் தங்கள் ஊரில் வழங்கும் 'வரிச்சு' என்ற சொல் மிகப் பொருத்தமானது: 'வரிச்சுக் கட்டி மண் பூசிய சுவர்' என்றால் எவருக்கும் விளங்கும். ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ளுங்கள்: 'மண் வீடு' என்று எழுதினால் ஏழைக் குடிசை என்ற எண்ணம் வந்துவிடும், ஃபாஹ்வெர்க் முறையில் பெருஞ்செல்வர்களும் மாளிகை கட்டினார்கள். க்வெட்லின்புர்க் நகரில் இத்தகைய வீடுகள் 2000க்கும் மேல் உள்ளன. அவற்றுள் வோர்ட்காஸெ தெருவிலுள்ள ஒரு வீடு 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

கேள்வி: இன்றைய ஜெர்மன் அகராதியையே நம்பி இடைக்காலப் பெயர்களை மொழிபெயர்ப்பதில் உண்மையில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது? நான் பயன்படுத்தும் அகராதி பெரியது, புதியது.
– வாசகர், மதுரை

பதில்: புதியது என்பதே இங்கே இடைஞ்சல். 'கௌஃப்ஹவுஸ்' என்ற சொல்லுக்கு இன்றைய பொருள், பல அடுக்குகளில் எல்லாச் சாமான்களும் விற்கும் பேரங்காடி. இடைக்காலத்தில் அது வெளியூர் வணிகர்கள் தம் சரக்கை இறக்கி, எடை போட்டு, சுங்கம் செலுத்தி, விற்ற பண்டகசாலை. கோன்ஸ்டன்ஸ் நகரில் ஏரிக்கரையில், இத்தாலியோடு நடந்த வாணிகத்துக்காக 1388இல் கட்டத் தொடங்கிய கௌஃப்ஹவுஸ் ஒன்று உள்ளது. 1414 முதல் 1418 வரை அந்நகரில் கிறிஸ்தவத் திருச்சபையின் பொதுச்சங்கம் கூடியது. அதன் அமர்வுகள் நடந்தது பெரிய தேவாலயத்தில். ஆனால் 1417 நவம்பரில் கர்தினால்களும் பல நாடுகளின் பிரதிநிதிகளும் உள்ளே அடைபட்டிருந்து, ஐந்தாம் மார்ட்டினைத் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுத்தது இந்தப் பண்டகசாலையில்தான். அதனால் மக்கள் அதைக் 'கோன்ட்ஸில்', அதாவது சங்கம், என்றே அழைக்கலாயினர். அகராதியை நம்பி எழுதினால் திருத்தந்தை பேரங்காடியில் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று அச்சாகும்.

'ப்யூர்கர்ஹவுஸ்' இன்று ஊர்ச் சமுதாயக்கூடம். அன்று நகர உரிமை பெற்ற ஒருவரின் வீடு, கீழே கடையோ பட்டறையோ, மேலே குடும்பம், பரணில் சரக்கு. 'கெவாண்ட்ஹவுஸ்' என்றால் இன்று உலகமே லைப்ட்ஸிக்கின் இசைக்குழுவை நினைக்கும். அது துணி வணிகர் கூடம். 1781இல் அக்கட்டடத்தில் ஓர் இசையரங்கம் அமைந்ததால் பெயர் இசைக்குழுவோடு ஒட்டிக்கொண்டது. துணிக்குச் சங்க காலத்தில் 'அறுவை' என்று பெயர் இருந்தது, 'அறுவை வாணிகன்' என்ற பட்டத்தோடு ஒரு புலவரே இருந்தார் என்று சொல்லி, 'அறுவைக் கூடம்' என்று எழுதலாமா என ஒருவர் கேட்டார். அருள்கூர்ந்து வேண்டாம்.

எல்லாவற்றையும்விடக் கவனம் தேவைப்படுவது 'ஃப்ராவன்ஹவுஸ்'. சொல்லுக்குச் சொல் 'பெண்கள் இல்லம்'. வன்முறைக்கு அஞ்சி வீட்டை விட்டு வெளியேறும் பெண்களுக்கான புகலிடம் என்பது அதன் இன்றைய பொருள். இவ்வகையில் முதல் இல்லம் 1976இல் மேற்கு பெர்லினில் திறக்கப்பட்டது. ஆனால் 15ஆம் நூற்றாண்டு நகர ஆவணத்தில் அதே சொல் வந்தால், அது நகரவையின் அனுமதியோடும் விதிகளோடும் நடத்தப்பட்ட விலைமகளிர் விடுதி. மதச் சீர்திருத்தத்துக்குப் பிறகு, 16ஆம் நூற்றாண்டில், இவற்றுள் பெரும்பாலானவை மூடப்பட்டன. 'பெண்கள் பாதுகாப்பு இல்லம்' என்று ஒருவர் எழுதிவிட்டால், அந்த நகரவைக்கு அது செய்யாத ஓர் அறத்தை நாம் சேர்த்துவிடுகிறோம்; அங்கே இருந்த பெண்களின் நிலைமையோ முழுவதுமாக மறைந்துபோகிறது. பதினெட்டாம் நூற்றாண்டுக்கு முற்பட்ட எந்தக் கட்டடப் பெயருக்கும் இன்றைய அகராதியைக் கடைசியாகப் பாருங்கள். அந்த நகரின் வரலாற்றை முதலில் பாருங்கள்.

கேள்வி: 'டோம்' என்றால் குவிமாடமா? 'ம்யூன்ஸ்டர்' என்பதையும் 'பேராலயம்' என்று எழுதலாமா?
– வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: குவிமாடம் அல்ல. கொலோன் டோமில் இருப்பவை சுமார் 157 மீட்டர் உயரமுள்ள இரட்டைக் கூர்ங்கோபுரங்கள். 'வீடு' எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 'பேராலயம்' என்று இரண்டையும் எழுதலாம். 'ஆயர் பீடம்', அதாவது பிஷப்பின் தலைமை ஆலயம், என்று மட்டும் விசாரிக்காமல் சேர்க்க வேண்டாம். ஃப்ராங்க்ஃபர்ட் டோம் ஒருபோதும் ஆயர் பீடமாக இருந்ததில்லை. 1377இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1890இல் 161.53 மீட்டர் உயரக் கோபுரத்தோடு நிறைவுற்ற உல்ம் ம்யூன்ஸ்டரும் நகர மக்கள் தம் செலவில் எழுப்பிய பங்குக் கோயில்தான், அதாவது ஊர் மக்களின் வழிபாட்டுக்கான தேவாலயம்தான்.

கேள்வி: நகர மதிலைப் பற்றிய பகுதியில் 'ட்ஸ்விங்கர்' என்று வருகிறது. இணையத்தில் தேடினால் ட்ரெஸ்டன் அரண்மனையின் படங்கள்தான் வருகின்றன.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: மதில் இரட்டையாக அமையும்போது உள்மதிலுக்கும் புறமதிலுக்கும் இடைப்பட்ட வெற்றிடம்தான் 'ட்ஸ்விங்கர்', புறமதிலைத் தாண்டி உள்ளே வந்த பகைவர் அங்கே சிக்கிக்கொள்வார். 'இடைமதில் வெளி' என்று எழுதலாம். ட்ரெஸ்டனில் அரசர் அகஸ்டஸ் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய அரண் பகுதியில் விழா மாளிகை எழுப்பியபோது, இடத்தின் பெயர் மாளிகைக்கு வந்தது. மதில் உறுப்புகளைப் பொறுத்தவரை நமக்குச் சொற்பஞ்சமே இல்லை: அகழி, கொத்தளம், மதிலுச்சியில் மறைந்து நின்று அம்பெய்யும் ஞாயில், பெருங்கதவுக்குள் ஓராள் மட்டும் குனிந்து நுழையும் திட்டிவாசல் எல்லாம் தமிழில் ஏற்கெனவே உள்ளன. இரவில் கதவு அடைத்த பிறகு வருபவருக்காக ரோத்தன்புர்க் நகரின் கோட்டை வாயிலில் வைத்திருக்கும் சிறு துளைவாசலுக்குத் திட்டிவாசல் என்பதைவிடச் சிறந்த சொல் கிடைக்காது.

கேள்வி: இவ்வளவும் தமிழாக்கிய பிறகு ஜெர்மன் பெயரையும் எழுத வேண்டுமா? பக்கம் கரடுமுரடாகத் தெரிகிறதே.
– வாசகர், ஈரோடு

பதில்: முதல் முறை வரும்போது மட்டும் எழுதுங்கள், தமிழ் எழுத்தில், ஜெர்மன் ஒலிப்புக்கு நெருக்கமாக. அடுத்த வரியிலிருந்து தமிழ்ச் சொல்லே போதும். தங்கள் நூலைக் கையில் வைத்துக்கொண்டு நியூரம்பெர்க் ரயில் நிலையத்தில் இறங்குபவர், 'சுங்கக் கூடம் எங்கே' என்று கேட்டால் யாருக்கும் புரியாது. 'மௌட்ஹாலே' என்று கேட்டால் கை காட்டுவார்கள். அது நிலையத்திலிருந்து நடந்து போகும் தொலைவில்தான் இருக்கிறது.